தைப்பூசத்துக்கு சங்கத்துப் பத்திரிகை குடுக்கப் போறீங்களா, நாங்க பட்ட பாட்டைக் கேட்டுட்டுப் போங்க

காங்கேயத்துல சின்னதா ஒரு டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டர்ல எழுத்தடிச்சுப் பக்கம் கட்டற கடை, வெச்சிருக்கேனுங்க. எங்க மாமா, அதாவது வீட்டுக்காரரோட அப்பா, வள்ளலார் வழியில நடக்கற ஊரு சன்மார்க்க சங்கத்துல முப்பது வருசமா இருக்கறாரு. சங்கத்துக்கு மாசம் ஒருக்கா நாலு பக்கப் பத்திரிகை வருது, அதுக்குப் பக்கம் கட்டறது நான்தான். தைப்பூசம் வள்ளலார் அய்யா வழியில வர்றவங்களுக்கும் பெரிய நாளு, பழனிக்குப் பாதயாத்திரை நடக்கறவங்களுக்கும் பெரிய நாளு. ஈரோட்டுப் பக்கமிருந்து நடக்கற சனம் நெறைய பேரு எங்க ஊரைத் தாண்டி தாராபுரம் ரோட்டுலதான் போறாங்க, அப்ப அவங்க கையில நம்ம பேப்பரைக் குடுத்தா என்னனு 2024ல ஆரம்பிச்சோம். அந்த வருசம் மூவாயிரம் பேப்பர் போட்டு மொத்தமும் வீணாப் போச்சு. 2025ல ரெண்டாயிரம்தான் போட்டோம், அந்த நாளை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ரெண்டுக்கும் நடுவுல என்ன மாத்துனோம்ங்கறதை வரிசையா எழுதறேன். கோயில், சர்ச், பள்ளிவாசல்னு எந்தப் பத்திரிகை குடுக்கறவங்களா இருந்தாலும் இதுல பாதிக்கு மேல பொருந்தும்.

1. மொதல்ல யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணுங்க

இதைத்தான் நாங்க கடைசியா யோசிச்சோம், அதுதான் தப்பு. 2024ல ரோட்டோரம் பந்தல் போட்டு தயிர்சாதம், சாம்பார்சாதம் குடுத்தோம், கூடவே ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேப்பர். நடக்கற மனுசன் ஒரு கையில கம்பு, தோள்ல பை, இன்னொரு கையில சாப்பாட்டுத் தட்டுன்னு நிக்கறாரு. பேப்பரை எங்க வெப்பாரு? கீழ விரிச்சு அதுமேல உக்காந்தாரு. பின்னால வந்தவரு தட்டு சுடுதுன்னு அடியில குடுத்துப் புடிச்சாரு. ஒரு அம்மா கொழந்தைக்கு பேப்பர் மேலயே சோத்தைப் போட்டு ஊட்டுனாங்க, மொதப் பக்கத்துல நான் ஒரு வாரம் உக்காந்து டிசைன் பண்ணுன ஜோதி படத்து மேல சாம்பாரு வழியுது. எனக்கு அழுகையே வந்துருச்சு. மாமா பாத்துட்டு, “பசிச்ச புள்ளைக்குச் சோறு போடத்தான் அது ஆச்சுன்னா போகட்டும் உடம்மணி” அப்படின்னாரு. ஆனா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உரச்சாக்கு ஒண்ணை எடுத்துக்கிட்டு ரோட்டோரம் கெடந்ததெல்லாம் பொறுக்குனதும் அவருதான்.

அதனால சொல்றேன், நடக்கறவங்களுக்குக் குடுக்காதீங்க, உக்காந்திருக்கறவங்களுக்குக் குடுங்க. சாமி கும்பிட்டுட்டுத் திரும்பி பஸ்ஸுல வர்றவங்களுக்குக் குடுங்க, அவங்களுக்கு ஒரு மணி நேரம் வேற வேலையே கெடையாது. ராத்திரி மண்டபத்துல காலை நீட்டிப் படுத்திருக்கறவங்களுக்குக் குடுங்க. சலூன் கடை, தையல் கடை, டீக்கடை பெஞ்சு இங்கெல்லாம் அஞ்சஞ்சு பேப்பர் வெச்சுட்டு வந்தா ஒரு பேப்பரை இருபது பேரு படிப்பாங்க. சாப்பாடு போடறதும் பேப்பர் குடுக்கறதும் ஒரே எடத்துல வேண்டவே வேண்டாம். அச்சு மை ஒடம்புக்கு ஆகாது, பேப்பர்ல பண்டம் வெச்சுச் சாப்பிடாதீங்கன்னு உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்லிட்டிருக்கறப்ப நாமளே சோத்துப் பந்தல்ல பேப்பரை நீட்டறது நல்லாவா இருக்கும்.

2. காலண்டரை எடுங்க, பொங்கலுக்கும் பூசத்துக்கும் எத்தனை நாளுன்னு எண்ணுங்க

2024ல பூசம் ஜனவரி 25. பொங்கல் முடிஞ்சு பத்தே நாளு. பொங்கலுக்கு பிரஸ் நாலு நாள் லீவு, தெறந்ததும் தை முகூர்த்தத்துக்கு கல்யாணப் பத்திரிகை மலை மாதிரி குவிஞ்சு கெடக்குது, நம்ம நாலு பக்கப் பேப்பரை யாரு சீண்டுவாங்க. 24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குத்தான் கட்டு வந்துச்சு, மை காயல, மடிச்ச எடத்துலயெல்லாம் எதிர்ப்பக்கத்து எழுத்து ஒட்டியிருந்துச்சு. அந்த பிரஸ்ஸை நான் கொறை சொல்ல மாட்டேன், மேட்டரை 18ஆம் தேதி கொண்டுபோயிக் குடுத்தது நாங்கதான்.

2025ல பூசம் பிப்ரவரி 11. பொங்கலுக்கு அப்பறம் நாலு வாரம் கெடச்சுது, ஆனாலும் சூடுபட்ட பூனையாச்சே, ஜனவரி 10ஆம் தேதியே ஃபைலைக் குடுத்துட்டோம். 2026ல பிப்ரவரி 1. வருசா வருசம் இப்படி மாறிக்கிட்டே இருக்கும், அதனால போன வருசக் கணக்கை அப்படியே புடிச்சுக்காதீங்க. பூசம் எப்ப வந்தாலும் சரி, பொங்கலுக்கு முன்னாடி ஃபைல் பிரஸ்ஸுல இருக்கணும். இன்னொண்ணு, 2021ல இருந்து தைப்பூசம் அரசு விடுமுறை. அன்னிக்கிப் போயி நகராட்சி ஆபீஸ்ல லெட்டர் வாங்கிக்கலாம்னு நெனச்சீங்கன்னா பூட்டைத்தான் பாத்துட்டு வரணும்.

3. மேட்டரும் எழுத்தும்

இது என்னோட ஏரியா, கொஞ்சம் நீட்டிக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

எழுத்து சைஸ் 14க்குக் கீழ போகவே கூடாது, முடிஞ்சா 16. காரணத்தை நான் கம்ப்யூட்டர்ல கத்துக்கல, மண்டபத்துல கத்துக்கிட்டேன். 2024ல ஒரு பெரியவர் பேப்பரை வாங்கித் தூரமாப் புடிச்சாரு, கிட்டப் புடிச்சாரு, அப்பறம் எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு “எழுத்துப் பொடிசா இருக்குதுங் கண்ணு, ஒடஞ்சு போயிரும்னு கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்” அப்படின்னாரு. சுத்திப் பாத்தா அம்பது வயசுக்கு மேல இருக்கற பாதிப் பேரு கண்ணுல கண்ணாடி இல்லீங்க. நடைப்பயணத்துக்கு யாரு கண்ணாடியைத் தூக்கிட்டு வர்றாங்க! நாங்க 10 பாயிண்ட்டுல ஜீவகாருண்யத்தை, அதாவது எந்த உசுரையும் கொல்லாம இரக்கம் காட்டறதைப் பத்தி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருக்கோம்.

அடுத்த வருசம், 2025ல, கடைசிப் பக்கம் பூரா நடக்கறவங்களுக்கு வேண்டியதைப் போட்டோம். கால்ல கொப்புளம் வந்தா குத்தி ஒடைக்க வேண்டாம், கழுவித் தொடச்சு சுத்தமான துணி கட்டுங்க. சக்கரை வியாதி இருக்கறவங்க வெறுங்கால்ல நடக்கறதுக்கு முன்னால டாக்டரைக் கேளுங்க, ராத்திரிக்கு ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாத்துக்குங்க. இருட்டுல நடக்கறப்ப முதுகுல மாட்டற பையில மின்னற ஸ்டிக்கர் ஒட்டிக்குங்க. ஆம்புலன்ஸ் 108, கொழந்தைக காணாமப் போனா 1098. இதுக்குக் கீழ பெட்டி கட்டி வள்ளலார் பாட்டு நாலே வரி. இந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் பேப்பரையே வெச்சுக்கிட்டாங்க, அப்படி வெச்சுக்கிட்டவங்க உள்பக்கத்தையும் படிச்சாங்க.

சாமி படம், ஜோதி படம், வள்ளலார் படம் எதுவா இருந்தாலும் உள்பக்கத்துல சின்னதாப் போடுங்க. மொதப் பக்கத்துல போட்டா அது யாரோட கால்லயாவது மிதிபடும், அப்பறம் சண்டை நமக்குத்தான்.

பிரஸ்ஸுக்கு பிடிஎஃப்பாத்தான் குடுக்கணும், எழுத்துரு எல்லாம் உள்ளயே பதிஞ்சிருக்கணும். சில எடத்துல இன்னும் பேஜ்மேக்கர்ங்கற பழைய சாஃப்ட்வேர்தான் ஓடுது, நம்ம ஃபைலைத் தெறந்தா கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டு நிக்கும். மொதப் பிரதியை நேர்ல போயிப் படிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. வாட்சப்புல போட்டோ பாத்து ஓகே சொல்லாதீங்க.

4. பேப்பர் அடியில இருக்கற பொடி எழுத்து

கடைசிப் பக்கத்து அடியில அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர், எந்த ஊர்ல அச்சானதுன்னு ஒரு வரி வருமே, அதை யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனைக்காதீங்க. போலீஸ் மொதல்ல பாக்கறதே அதைத்தான். 2024ல நான் பண்ணுன கூத்தைக் கேளுங்க. வேற ஒரு செய்திமடலோட அமைப்பை எடுத்து அதுமேலயே எங்க மேட்டரைக் கட்டுனேன், அதுல “தனிச்சுற்றுக்கு மட்டும்”னு இருந்ததை அழிக்க மறந்துட்டேன். ரோட்டுல நின்னு மூவாயிரம் பேருக்குக் குடுக்கற பேப்பர்ல தனிச்சுற்றுக்கு மட்டும்னு இருக்குது! ரோந்து வந்த எஸ்ஐ ஒரு பேப்பரை வாங்கி நேரா அடியில பாத்துட்டு, “இதெல்லாம் என்ன உங்க சொந்தக்காரங்களா”ன்னு கேட்டாரு. பதிவுச் சான்றிதழ் ஜெராக்ஸ் கேட்டாரு, அது பழைய செயலாளர் வீட்டு பீரோவுல இருக்குது. ஒன்றரை மணி நேரம் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தோம். எந்த ஸ்டேஷன்னு வேண்டாம், மரியாதையாத்தான் நடத்துனாங்க.

பழைய பத்திரிகைன்னா ஆர்என்ஐ, அதாவது மத்திய அரசோட பத்திரிகைப் பதிவாளர் குடுத்த பதிவு எண் இருக்கும், அந்தச் சான்றிதழ் ஜெராக்ஸ் ஒண்ணு கையில இருக்கட்டும். புதுசா ஆரம்பிக்கறீங்கன்னா 1867ஆம் வருசத்துப் பழைய பத்திரிகைப் பதிவுச் சட்டம் போயி 2023ல வந்த புதுச் சட்டம் 2024 மார்ச் 1ல இருந்து நடைமுறையில இருக்குது, பதிவெல்லாம் பிரஸ் சேவா போர்ட்டல்ல ஆன்லைன்லதான். தலைப்புக்கு ஒண்ணுக்கு நாலு பேரா யோசிச்சு வெச்சுக்குங்க, நாம நெனைக்கற பேரு எவனாவது ஏற்கனவே புடிச்சிருப்பான். இதெல்லாம் ரெண்டு வாரத்துல முடியற வேலைன்னு நம்பிப் பூசத்துக்குத் தேதி குறிச்சுறாதீங்க.

5. லெட்டர், அனுமதி

ஸ்டேஷனுக்கு ஒரு லெட்டர் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே குடுத்துருங்க. எந்த நாளு, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், எந்தெந்த எடம், எத்தனை பேரு, பொறுப்பாளர் ரெண்டு பேரோட போன் நம்பர், கூடவே பேப்பர் ஒரு காப்பி. ரெண்டு பிரதியா கொண்டுபோயி ஒண்ணுல சீல் வாங்கிக்குங்க. சீல் இல்லாத லெட்டர் குடுத்த மாதிரியே கணக்கில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நகராட்சி ஆணையர் பேருக்குத் தனி லெட்டர். அதைவிட முக்கியம் டைம் கீப்பர், பஸ் ஸ்டாண்டுல வண்டி வர்ற போற நேரத்தைப் பாக்கறவரு. பூசத்தன்னிக்கி அவரு படற பாடு இருக்கே, அந்த நேரத்துல போயி லெட்டரை நீட்டாதீங்க, நாலு நாளைக்கு முன்னாடி மத்தியானமாப் போயி ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசுங்க. எங்களுக்கு அந்த அண்ணன் சொன்ன ஒரே வார்த்தைதான் அன்னிக்கிக் காப்பாத்துச்சு: “வண்டி ரேக்குல நின்னதும் ஏறாதீங்க அம்மணி, சனம் ஏறி உக்காரட்டும், டிரைவர் சீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் இருக்கும், அதுதான் உங்க நேரம்.”

ரோட்டோரத்துல பந்தல் போடற எண்ணம் இருந்தா தனியார் எடமாப் பாத்து எழுதி வாங்கிக்குங்க, மூடிக் கெடக்கற ரைஸ்மில் வாசல், தோட்டத்துக் களம் இந்த மாதிரி. சாப்பாடும் போடறீங்கன்னா அது வேற கணக்கு, அன்னதானத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணணும், ஆன்லைன்லயே பண்ணிக்கலாம். ரயில்வே ஸ்டேஷன் உள்ள போகவே போகாதீங்க. பழனி அடிவாரத்துக்கும் போக வேண்டாம், அங்க ஏற்கனவே நெரிசல், கோயில் ஆபீஸைக் கேக்காம ஒரு தாளைக் கூட நீட்ட முடியாது.

6. செலவு

எங்க 2025 கணக்கை அப்படியே போடறேன், உங்க ஊர்ல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். நாலு பக்கம், கலர், 2,000 பிரதி அச்சுக்கு 9,400 ரூபா. டாடா ஏஸ் வாடகை ரெண்டு நடைக்கு 1,800. தொண்டருங்க பதினாலு பேருக்குச் சாப்பாடு, டீ, சுக்குக்காப்பி 1,100. கழுத்துல மாட்டற அட்டை 140. ஜெராக்ஸ் 60. மொத்தம் 12,500. முன்னாடி வருசம் சிங்கிள் கலர்ல மூவாயிரம் அடிச்சதுக்கு அச்சுக்கூலியே 10,500 ஆச்சு. எண்ணிக்கையைக் கொறைச்சு எழுத்தைப் பெருசாக்குங்க, காசும் மிச்சம், பேப்பரும் மிச்சம்.

விளம்பரம் வாங்கிச் செலவைச் சரிக்கட்டலாம்னு ஒருத்தர் சொல்லுவாரு, எல்லாச் சங்கத்துலயும் ஒருத்தர் இருப்பாரு. வாங்கிக்கலாம், ஆனா பிரியாணிக் கடை விளம்பரம் ஒண்ணு வந்து நின்னுச்சு பாருங்க, ஜீவகாருண்யம் பேசற பேப்பர்ல! நல்லவேளை பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடியே மாமா கண்ணுல பட்டுச்சு.

7. அன்னிக்கி என்ன பண்ணணும்

பேப்பர் கட்டைத் தரையில வெக்காதீங்க. தை மாசத்துப் பனி மழையை விட மோசம், விடியக்காலம் பாத்தா மேல இருக்கற அம்பது பேப்பர் அப்பளம் ஊறுன மாதிரி இருக்கும். உரச்சாக்கைக் கழுவிக் காயவெச்சு உள்ள போட்டு வாயைக் கட்டிருங்க. எட்டா மடிச்சு கடைசிப் பக்கம் மேல தெரியற மாதிரி முந்தின நாளே மடிச்சு வெச்சுட்டா, வாங்கறவங்க கண்ணுல மொதல்ல கொப்புளம்தான் படும்.

ரெண்டு ரெண்டு பேரா போங்க, ஒரு பொம்பளை ஒரு ஆம்பளை. முன்னால இருக்கற பொம்பளைங்க சீட்டுக்குப் பொம்பளைங்களே குடுக்கணும். கண்டக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறுங்க. நீட்டாதீங்க, கேளுங்க: “ஏனுங், பேப்பர் படிக்கிறீங்களா?” வேண்டாம்னா சரிங்கன்னுட்டு அடுத்த சீட்டு. குடும்பத்துக்கு ஒண்ணு போதும். காசு குடுத்தா வாங்க வேண்டாம், உண்டியல் தூக்கிட்டு வந்திருக்கறாங்கன்னு பேரு வந்துரும். காவடி எடுத்தவங்க கிட்ட உருவ வழிபாடு அது இதுன்னு ஆரம்பிக்கற ஆளு உங்க கூட்டத்துல இருந்தா அவரைக் கட்டு பிரிக்கற வேலைக்குப் போட்டுருங்க. வள்ளலாரே கந்தகோட்டத்து முருகனைப் பாடுனவருதான்னு நாங்க ஒரு பெரியவர் கிட்ட மூணு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு.

2025 பூசத்தன்னிக்கி மத்தியானம் ரெண்டு மணியில இருந்து ராத்திரி பத்து வரைக்கும் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல நின்னோம். பழனியில இருந்து வர்ற வண்டி எல்லாம் நெறைஞ்சு வருது, அதுல காங்கேயம், ஈரோடு, திருப்பூருக்கு மாறி ஏறறவங்கதான் எங்க ஆளுங்க. ஒரு ஈரோடு வண்டியில மூணாவது சீட்டுல ஒரு ஆத்தா, பச்சைச் சீலை, ரெண்டு கால்லயும் துணிக்கட்டு. பேப்பரை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு “எனக்குப் படிக்கத் தெரியாதுங் கண்ணு” அப்படின்னாங்க. பக்கத்துல இருந்த பேத்தி, ஆறாவது ஏழாவது படிக்கும் போல, அதை எடுத்து சத்தமாப் படிக்க ஆரம்பிச்சுது. கொப்புளத்தை ஒடைக்கக் கூடாதுங்கற வரி வந்ததும் ஆத்தா முன்னால திரும்பி, “அட, நேத்து ராத்திரி ஊசியில குத்தி உட்டுட்டமேடா, கேட்டுக்க” அப்படின்னு மகனைத் தட்டுனாங்க. பின் சீட்டுல இருந்தவங்க “பாப்பா கொஞ்சம் சத்தமாப் படி”ங்கறாங்க. டிரைவர் வந்து உக்காந்துட்டாரு, வண்டியை எடுக்கல. அந்தப் பெட்டிக்குள்ள இருந்த நாலு வரிப் பாட்டையும் அது திக்கித் திக்கிப் படிச்சு முடிச்சுது, அப்பறம்தான் விசில் அடிச்சாங்க. நான் படியில தொத்திக்கிட்டு நின்னவ எறங்க மறந்து வெளிய வர்ற கேட் வரைக்கும் போயி எறங்குனேன்.

எட்டு மணிக்கெல்லாம் ஆயிரத்து அறுநூறு போயிருச்சு. கீழ கெடந்து எடுத்தது மொத்தமே பதினொண்ணு, நானே எண்ணுனேன்.

8. முடிஞ்சதுக்கு அப்பறம்

கெளம்பறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு பூரா ஒரு சுத்து சுத்தி நம்ம பேப்பர் கெடந்தா பொறுக்கிருங்க, அடுத்த வருசம் லெட்டர் குடுக்கறப்ப நகராட்சியில அதைத்தான் ஞாபகம் வெச்சிருப்பாங்க. மிச்சமான பேப்பரைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீங்க. 2024ல மிஞ்சுனதைக் கிலோ கணக்குல போட்டோம், அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்த மொளகா பஜ்ஜியைப் பிரிச்சா என்னோட தலையங்கம். இப்ப மிஞ்சுனதை நூலகம், ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலுன்னு கேட்டுட்டுக் கொஞ்சம் கொஞ்சமா வெக்கறோம்.

பேப்பர்ல போன் நம்பர் போட்டிருந்தீங்கன்னா மூணு வாரத்துக்கு அழைப்பு வந்துக்கிட்டே இருக்கும். எங்களுக்கு வந்ததுல பாதி கொப்புளத்துக்கு மருந்து கேட்டு, மீதி அடுத்த மாசப் பேப்பர் எங்க கெடைக்கும்னு கேட்டு. அதுக்குன்னு தனி சிம் வாங்கி மாமா கிட்டக் குடுத்துட்டேன், மத்தியானம் தூங்கறப்ப மட்டும் நான் எடுக்கறேன். ரீசார்ஜ் முடியற தேதியைக் காலண்டர்ல குறிச்சு வெச்சுக்குங்க, எங்களுது ரெண்டாவது வாரமே கட்டாயி மூணு நாள் யாருக்கும் தெரியாமக் கெடந்துச்சு.